ஹைலக்ஸுக்கு டயர் மாத்தணும்: எச்டியா, ஏடியா, 10 பிளையா? (பிறை – தீவு ஓட்டம்)

பந்தல்_பிறை
திங்கள், இரவு 9:40

வணக்கம் எல்லாருக்கும். நம்ம வண்டி 2018 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப் 2.4, டபுள் கேப், ஆட்டோ கியர். டயர் 265/65 ஆர் 17. வேலைக்கு ஓடுற வண்டி. கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம்னு பந்தல், நாற்காலி, மேசை, அண்டா எல்லாம் வாடகைக்கு விடுறோம். போகும்போது பின்னால இரும்புக் கம்பியும் கித்தானும் நாற்காலியும் நிறைஞ்சிருக்கும். இறக்கிட்டு வரும்போது காலி. வாரத்துல பாதி நாள் பிறையிலருந்து பாலம் தாண்டி பினாங்குத் தீவுக்குப் போவேன். எப்பவாவது மச்சானோட டுரியான் தோட்டத்துக்கு, பாலிக் பூலாவ் மேட்டுப் பக்கம்.

பின் டயர் ரெண்டும் நடுவுல தேஞ்சு போச்சு, ஓரத்துல இன்னும் நல்லா பல் இருக்கு. முன் டயர் ரெண்டும் வெளி ஓரம் தேஞ்சிருக்கு. கையை ஒரு பக்கமா இழுத்தா வழவழன்னு போகுது, திருப்பி இழுத்தா ரம்பம் மாதிரி உள்ளங்கையில மாட்டுது. போன வாரம் நல்ல மழை. காலி வண்டியா பாலத்து மேட்டுலருந்து இறங்கும்போது பின்பக்கம் ஒரு தடவை நழுவுச்சு. வீட்டுக்காரி கூட இருந்தா. தீபாவளி புக்கிங் ஆரம்பிக்கிறதுக்குள்ள மாத்திடணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

மூணு கடையில கேட்டேன், மூணு பதில். ஒருத்தர் லோடு தூக்குற வண்டிக்கு 10 பிளை (தடிச்ச லோடு டயர்) ஏடிதான் (தார், மண் ரெண்டுக்கும் ஆன டயர்)னு அடிச்சுச் சொல்றார். இன்னொருத்தர் பின்னால ரெண்டு மட்டும் போட்டா போதும்ங்கிறார். மூணாவது இடத்துல எச்டி (தார் ரோட்டு டயர்) போடுங்க, சத்தம் இல்லாம ஓடும்னாங்க. பிக்அப் வச்சு ஓட்டுறவங்க சொன்னா நல்லா இருக்கும்.


மலைப்பாதை_4x4
திங்கள், இரவு 10:15

அண்ணே, ஹைலக்ஸுக்கு எச்டி போட்டா வண்டி பார்க்க வேன் மாதிரி ஆயிடும். 285/70 ஆர் 17 போடுங்க, கூடவே வண்டியை 2 இன்ச் தூக்கி வைக்கிற லிஃப்ட். என் கூட்டாளி ஒருத்தன் அப்படித்தான் ஓட்டுறான், எந்தத் தோட்டத்துலயும் நிக்கலை. லோடு வேற தூக்குறீங்க, 10 பிளையாவே எடுத்துடுங்க. ஒரு தடவை செலவு, அப்புறம் கவலை இல்ல.


டயர்கடை_பிஎம்
செவ்வாய், காலை 7:50

புக்கிட் மெர்தாஜாம்ல டயர் கடையிலதான் வேலை செய்றேன். எந்தக் கடைன்னு சொல்லலை, விளம்பரம் ஆயிடும்.

அண்ணே, புது டயர் எதுங்கிறதுக்கு முன்னாடி பழைய டயர் என்ன சொல்லுதுன்னு பாருங்க. பின்னால நடுவுல மட்டும் தேயுதுன்னா காத்து அதிகம். லோடுக்காக 45, 50 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்சு வச்சு, காலியா வரும்போதும் அதே காத்துல ஓட்டுறீங்கன்னு நினைக்கிறேன். காலி பிக்அப்புக்குப் பின்னால எடையே கிடையாது, டயர் நடு முதுகுல மட்டும் ரோட்டைத் தொடும். முன்னால ஒரு பக்கம் இழுத்தா மாட்டுதுன்னு சொன்னீங்க பாருங்க, அது டோ (முன் சக்கரம் ரெண்டும் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற கோணம்) சரியில்லாததோட அடையாளம். சக்கரம் நேரா உருளாம லேசா உரசிக்கிட்டே போகுது. அலைன்மெண்ட் பார்க்காம புது டயர் போட்டா அதுவும் இதே மாதிரிதான் தேயும். ஹைலக்ஸுக்குப் பின்னால ஒரே இரும்பு அச்சு, அங்க அலைன்மெண்ட் பண்ண ஒண்ணும் இல்ல. முன்னாலதான் வேலை. பால் ஜாயிண்ட், டை ராட் என்ட் மாதிரி முன் சக்கர மூட்டு எல்லாம் ஆடுதான்னு முதல்ல தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க. ஆடுற சாமானை வச்சுக்கிட்டு அலைன்மெண்ட் பண்றது காசுக்குக் கேடு.

தம்பி சொன்ன 285/70க்கு வர்றேன். உங்க 265/65 ஆர் 17 டயரோட உயரம் 776 மில்லிமீட்டர். 285/70 ஆர் 17 போட்டா 831. ஏழு சதவீதம் பெருசு. மீட்டர்ல 100 காட்டும்போது வண்டி 107ல ஓடும். கியர் அத்தனையும் உயரமாயிடும், லோடோட மேடு ஏறும்போது வண்டி இழுக்காது. பிரேக்குக்கும் வேலை கூடும். ஸ்டீரிங் முழுசா ஒடிச்சா உள்ள உரசும், அதுக்கு வெட்டணும். ரிம்மையும் மாத்தி டயர் மட்கார்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நின்னா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் தனி. வார இறுதியில காட்டுக்குப் போற வண்டிக்கு அது வேற கணக்கு. கம்பி ஏத்துற வண்டிக்கு அளவை மாத்தாதீங்க.

10 பிளை பத்தி மத்தியானம் எழுதுறேன், கடை திறக்கணும்.


பாலிக்பூலாவ்_தோட்டம்
செவ்வாய், காலை 11:05

டயர் கடைத் தம்பி சொல்றதெல்லாம் தார் ரோட்டுக்குச் சரி. எங்க பக்கம் வந்து பாருங்க. தோட்டத்துக்குள்ள சிமெண்டு போட்ட ஏத்தம் கொஞ்ச தூரம்தான், அப்புறம் செம்மண்ணும் உடைஞ்ச கல்லும். மழை பெஞ்சா செம்மண் எச்டி டயர் பல்லுக்குள்ள அப்பிக்கும், ஒரு சுத்து சுத்தினா டயர் முழுக்க வழுக்கைதான். அதைவிட மோசம் பக்கச் சுவர். கூர்மையான கல்லு பக்கத்துல கிழிச்சா ஒட்டவே முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்கு அப்படிப் போயிருக்கு, டுரியான் விழுற நேரத்துல, வண்டி நிறையப் பழத்தோட. அதனால நான் எல்டி (லைட் டிரக், லோடு வண்டி டயர்) வகை ஏடிதான் போடுறேன். பிஎஃப் குட்ரிச் கேஓ2. பக்கச் சுவர் தடிமன். வருஷக் கணக்கா அதுதான், மாத்த மாட்டேன்.


டயர்கடை_பிஎம்
செவ்வாய், மதியம் 2:20

தோட்டத்து அண்ணே சொல்றது அவருக்கு நூத்துக்கு நூறு சரி. தினமும் கல்லுல ஏறுற வண்டிக்கு எல்டி ஏடிதான் போடணும். பந்தல் அண்ணன் அங்க போறது எப்பவாவதுதானே.

இப்ப 10 பிளை. டயர் பக்கத்துல அளவுக்குப் பின்னால ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். சாதாரண 265/65 ஆர் 17ல 112 எஸ், 112 எச் இப்படி. 112ன்னா ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எஸ்னா 180 கி.மீ. வேகம் வரைக்கும், டி 190, எச் 210. 10 பிளைன்னு விக்கிற எல்டி வகையில 120/117 எஸ் போட்டிருக்கும். 120ன்னா 1,400 கிலோ. பார்த்த உடனே எல்டிதான் பலம்னு தோணும். ஆனா அந்த 1,400 கிலோ, டயருக்குள்ள 80 பிஎஸ்ஐ அடிச்சாத்தான். யாரும் ஹைலக்ஸுக்கு 80 அடிக்க மாட்டாங்க. 35ல வச்சு ஓட்டினா அதே எல்டி டயர் சாதாரண 112 டயரைவிடக் குறைவாத்தான் தாங்கும். கடையில இதைச் சொல்றவங்க ரொம்பக் கம்மி. கதவோரம் ஒட்டியிருக்கிற காத்து அளவு, வண்டியோட வந்த வகை டயருக்கு எழுதினது. எல்டிக்கு மாத்தினா அதே அளவு அடிக்கக் கூடாது, பத்துப் பதினஞ்சு பிஎஸ்ஐ கூட வேணும். அப்படி அடிச்சா காலி வண்டி கல்லு கணக்கா குதிக்கும்.

10 பிளைன்னா உள்ள பத்து அடுக்கு இருக்குன்னும் நினைக்காதீங்க. பருத்தி நூல் காலத்துல அடுக்கை எண்ணிப் பேர் வச்சாங்க, இப்ப அது பலத்துக்கு ஒரு பேர் மட்டும்தான்.

பந்தல் அண்ணே, ஒரே ஒரு வேலை செய்ங்க. வழக்கமா ஏத்துற முழு லோடோட ஒரு பெசி புருக் (பழைய இரும்பு) கடைக்குப் போய் திம்பாங் (எடை) போட்டுப் பாருங்க. வண்டி முழுசும் ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு தடவை. காலியாவும் அதே மாதிரி. அந்த எண் தெரியாம யார் சொல்றதும் வெறும் அபிப்பிராயம்.


பழைய_வாத்தியார்_செந்தூல்
செவ்வாய், இரவு 8:30

நான் கோலாலம்பூரில் தொழிற்பயிற்சிப் பள்ளியில் மோட்டார் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பாலத்தில் பின்பக்கம் நழுவியதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் கவலை.

தேய்ந்த டயர், தேங்கிய நீர், வேகம் மூன்றும் சேர்ந்தால் டயர் ரோட்டை விட்டு நீரின் மேல் ஏறிவிடும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து இதற்கு ஒரு கணக்குக் கண்டார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் வரும். 36 பிஎஸ்ஐ என்றால் 54 நாட், அதாவது சுமார் 100 கி.மீ. 25 பிஎஸ்ஐ என்றால் 83 கி.மீ.தான். பல் தேய்ந்து, நீரின் ஆழம் பல்லின் ஆழத்தைவிட அதிகமாகும் நிலைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நல்ல பல் உள்ள டயர் நீரைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவதால் இன்னும் தாங்கும்.

"அப்படியானால் காற்றைக் கூட்டி வைத்தால் நல்லதுதானே" என்று கேட்பீர்கள். காலி பிக்அப்பில் அது நடக்காது. எடை இல்லாத பின் சக்கரத்தில் காற்று நிறைந்திருந்தால், டயர் ரோட்டில் பதியும் தடம் நீளம் குறைந்து குட்டையாகிவிடும். தடம் நீளமாக இருந்தால்தான் அதன் முன்பகுதி நீரை விலக்கிக் கொடுக்க, பின்பகுதி தாரைப் பிடிக்க முடியும். காலி லாரிகள் லோடு ஏற்றியவற்றைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் வண்டியில் நடு மொட்டை, அதிகக் காற்று, காலிப் பின்பக்கம் மூன்றும் ஒன்றுகூடிவிட்டன. ஹைலக்ஸ் சாதாரண ஓட்டத்தில் பின் சக்கரத்தால் ஓடுகிற வண்டி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டில் மிதித்தாலும் இறக்கத்தில் சட்டென்று காலை எடுத்தாலும் அதிர்வு போவது அந்தப் பின் சக்கரத்துக்குத்தான்.

பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை மிகுந்த மாதங்கள். தீபாவளி வரை காத்திருக்காதீர்கள். மாற்றும் வரை மழையில் 70ஐத் தாண்டாதீர்கள், காலியாக வரும்போது பின் காற்றைக் கதவோரத்தில் எழுதியுள்ள அளவுக்கு இறக்கிவிடுங்கள். இதை உங்கள் வீட்டிலுள்ளவர்களை நினைத்துச் சொல்கிறேன்.


பந்தல்_பிறை
புதன், மாலை 6:10

வாத்தியாரய்யா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு இன்னிக்குக் காலையிலேயே காத்தை இறக்கிட்டேன். பின்னால 46 இருந்துச்சு. தம்பி சொன்னது அப்படியே சரி.

திம்பாங்கும் போட்டுட்டேன். ஜூரு பக்கம் ஒரு பெசி புருக் கடை, சீனர் கடை. கேட்ட உடனே ஏத்திக்கச் சொன்னார். பெரிய கல்யாண லோடு, கம்பி, கித்தான், 200 நாற்காலி, நானும் ரெண்டு பசங்களும் உள்ள. பின் அச்சு மட்டும் 1,540 கிலோ. காலியா 860.

அப்ப ஒரு டயருக்கு 770 கிலோதானே வருது? 112 டயரே 1,120 தாங்கும்னா 10 பிளை எதுக்குன்னே இப்பப் புரியலை.


டயர்கடை_பிஎம்
புதன், இரவு 8:00

வேணாம் அண்ணே. 112 போதும், மிச்சமும் இருக்கு. கம்பியை ஒரு பக்கமாவே அடுக்காம இருந்தா சரி. லோடு இருக்கும்போது கதவோரம் முழு லோடுக்கு எழுதியிருக்கிற அளவு, காலியா வரும்போது குறைச்ச அளவு. ஒரு சின்னக் காத்து மீட்டரும் 12 வோல்ட் பம்பும் வண்டியிலேயே வச்சுக்குங்க. விசேஷ வீட்டுல சாமான் இறக்கிட்டு நிக்கிற நேரத்துல காத்தை இறக்கிடலாம், மறுநாள் ஏத்துறதுக்கு முன்னாடி அடிச்சுக்கலாம்.


நாற்று_அக்கா_ஜூரு
புதன், இரவு 9:25

நான் பூச்செடி, நாற்று வியாபாரம். டிரைட்டன் பிக்அப் ஓட்டுறேன். மண் மூட்டை, பூந்தொட்டி எல்லாம் ஏத்தி இதே பாலத்துலதான் தினமும். என் அனுபவத்துல மழை ரோட்டுக்கு எச்டிதான். முன்னால இருந்தவர் போட்டுவிட்ட ஏடி டயரோட வண்டியை வாங்கினேன். அது தேயத் தேய ஊளையிட ஆரம்பிச்சுது, 90க்கு மேல போனா பேச்சே கேட்காது. எச்டிக்கு மாத்தினதும் டீசலும் கொஞ்சம் மிச்சமாச்சு. 2024 ஜூன் 10ல டீசல் லிட்டர் 2.15லருந்து 3.35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏறினப்போ அந்த மிச்சம் நல்லாத் தெரிஞ்சுது.

ஆனா தம்பி, நான் எழுத வந்தது வேற. டயர் தேதியைப் பாருங்க. பக்கத்துல டிஓடின்னு தொடங்குற வரி இருக்கும், கடைசியில ஒரு முட்டை வடிவத்துக்குள்ள நாலு எண். 2325ன்னா 2025ல 23வது வாரம் செஞ்சது. அந்த நாலு எண் டயரோட ஒரு பக்கத்துலதான் இருக்கும். எனக்கு ஒரு கடையில அந்தப் பக்கத்தை உள்ள திருப்பி மாட்டிவிட்டாங்க. வீட்டுக்கு வந்து சந்தேகம், வண்டிக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா செஞ்சு நாலு வருஷம் ஆன டயர். காசு மட்டும் புது விலை. மறுநாள் காலையில போய் நின்னு நாலையும் கழட்ட வச்சுத்தான் வந்தேன். அதனால மாட்டுறதுக்கு முன்னாடி, ரிம்ல ஏத்துறதுக்கும் முன்னாடி, நாலு டயரையும் உருட்டிப் பார்த்து எண்ணைப் படிங்க. கைபேசியில படம் எடுத்து வச்சுக்குங்க. நல்ல கடைக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க.


டயர்கடை_பிஎம்
வியாழன், காலை 7:40

அக்கா சொன்னது முக்கியம். நிழல்ல, காத்து வெளிச்சம் படாம அடுக்கி வச்ச டயர் ஒரு வருஷம் ஆனாலும் பாதகமில்ல. அதுக்கு மேலன்னா விலை குறைக்கச் சொல்லுங்க, இல்ல வேற கேளுங்க. நம்ம ஊர் வெயிலுக்குப் பல்லு இருந்தாலும் ரப்பர் காஞ்சு போயிடும். அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் காட்டுங்க, பக்கச் சுவர்ல மயிரிழை வெடிப்பு வந்தா யோசிக்காம மாத்துங்க.

அண்ணே, உங்க ஸ்பேர் டயரைப் பார்த்தீங்களா? ஹைலக்ஸ்ல அது பின்னால அடியில தொங்கும், யாரும் குனிஞ்சு பார்க்கிறதே இல்ல.


பந்தல்_பிறை
வியாழன், மதியம் 1:15

இப்பத்தான் படுத்துப் பார்த்தேன். சேறு அப்பியிருந்துச்சு, துணி வச்சுத் துடைச்சுப் படிச்சா 1118. வண்டியோட வந்ததுதான், ஒரு தடவைகூட ரோட்டைத் தொட்டதில்ல. பல்லு புதுசா இருக்கு. ஆனா காத்து 15தான் இருந்துச்சு.

ரெண்டு மட்டும் மாத்தலாமான்னு கேட்டிருந்தேனே, அதுக்கு யாரும் பதில் சொல்லலை.


பழைய_வாத்தியார்_செந்தூல்
வியாழன், மாலை 5:00

ரெண்டு மட்டும் போடுவதானால் புதியவை பின்னால் போக வேண்டும். முன் டயர் நழுவினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பிடி கிடைக்கும். பின் டயர் நழுவினால் வண்டி சுழலும், அதைத் திருப்பிப் பிடிக்கப் பழக்கம் வேண்டும். எந்த வண்டிக்கும் இது பொருந்தும், காலி பிக்அப்புக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

உங்களுடையது நாலு சக்கர ஓட்டம் உள்ளதா? அப்படியானால் இன்னொரு சங்கதி. முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் ஹைலக்ஸில் கிடையாது. 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் வேக கியர்) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்றால் உயரம் வேறுபடும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். பிடிப்புள்ள ரோட்டில் வழுக்க இடம் இல்லை, முறுக்கு முழுவதும் இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸில் போய்ச் சேரும். உலர்ந்த தார் ரோட்டில் 4எச் போடவே கூடாது என்பது இதனால்தான். டிரைட்டனில் சூப்பர் செலக்ட் உள்ள வகைக்கு நடு டிஃபரன்ஷியல் உண்டு, அது வேறு.

முன் டயர் ஏற்கெனவே ஓரம் போய்விட்டது. நாலையும் மாற்றுங்கள். பிறகு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் நாலும் ஒன்றாகத் தேயும்.


மலைப்பாதை_4x4
வியாழன், இரவு 9:50

வாத்தியாரய்யா, 4எச் விஷயம் எனக்குப் புதுசு. என் வண்டியில முன்னால ஒரு பிராண்டு, பின்னால ஒரு பிராண்டு. நாளைக்கே உயரத்தை அளந்து பார்க்குறேன்.

பந்தல் அண்ணே, எச்டி எடுத்தா மச்சான் தோட்டத்துக்கு எப்படிப் போவீங்க? அதையும் யோசிங்க. கேஓ2 இல்லாட்டியும், யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி ஜி015 இருக்கு. உங்க அளவுலயே 112 எச் வருது, எல்டி இல்ல. ரோட்டுலயும் அவ்வளவு சத்தம் இல்ல.


பாலிக்பூலாவ்_தோட்டம்
வெள்ளி, காலை 6:30

தம்பி நல்ல கேள்வி கேட்டான். எப்பவாவது வர்றவருக்கு நானே வழி சொல்றேன். மழை பெஞ்ச நாள்ல வராதீங்க. வந்துட்டா, சிமெண்டு ரோடு முடியுற இடத்துல காத்தை 20க்கு இறக்கி, 4எல் (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்குற கியர்) போட்டு, மெதுவா ஏறுங்க. டயர் அகலமாப் பதியும், எச்டியும் ஏறும். திரும்பி வரும்போது ஜாலான் துன் சர்டோன் வளைவுகள்ல இறங்குறதுக்கு முன்னாடி காத்தை மறக்காம அடிச்சுடணும். குறைஞ்ச காத்தோட அந்த வளைவுல டயர் மடங்கும், சூடாகும்.

நான் மட்டும் கேஓ2தான். அதுல பேச்சுக்கு இடமில்ல.


நாற்று_அக்கா_ஜூரு
வெள்ளி, காலை 10:10

ஏடி டயர்ல சிலதுல மலையும் பனிப்பூவும் போட்ட சின்னம் இருக்கும், ஜி015லயும் கேஓ2லயும் உண்டு. ஒரு விற்பனையாளர் என்கிட்ட இது "எல்லாப் பருவத்துக்கும் பாஸ் ஆன டயர்"னு சொல்லிக் கூடுதல் விலை கேட்டார். அது பனி ரோட்டுச் சோதனை. நம்ம மழைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதுக்காக யாரும் காசு கூடக் கொடுக்காதீங்க.


பந்தல்_பிறை
சனி, இரவு 8:45

இன்னிக்கு மாத்திட்டேன். என்ன எடுத்தேன், ஏன் எடுத்தேன்னு எழுதிடுறேன், அடுத்து தேடுறவங்களுக்கு உதவும்.

கடைசியில ரெண்டு டயர் நின்னுச்சு: பிரிட்ஜ்ஸ்டோன் டூலர் எச்டி, ஜி015 ஏடி. எச்டி எடுத்தேன், நாலும். என் ஓட்டம் எல்லாம் தார் ரோடு, மழை, பாலம், லோடு. தோட்டத்துக்கு வெயில் நாள்ல போனாப் போதும், மச்சான்கிட்ட சொல்லிட்டேன். சீனா பிராண்டு ஒண்ணு ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைச்சுது. எண் எல்லாம் சரிதான், 112தான். ஆனா ஈர ரோட்டுல எப்படிப் பிடிக்கும்னு சொல்ல எனக்குத் தெரிஞ்ச யாரும் அதைப் போட்டு ஓட்டலை. பசங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி, அங்க பணம் மிச்சம் பிடிக்க மனசு வரலை.

கடையில தேதியைக் கேட்டேன், உருட்டிக் காட்டினாங்க. நாலுல மூணு ஒரே வாரம், ஒண்ணு மட்டும் நாலு மாசம் பழசு. அதையும் மாத்திக் கொடுத்தாங்க, முகம் சுளிக்கலை. ரிம்மைக் கழட்டினதும் ஹப்புல இருந்த துருவை ஒரு பையன் கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு சுத்தம் பண்ணான், அப்புறம்தான் மாட்டினான். வால்வு நாலும் புதுசு. பழைய வால்வை அவன் வளைச்சுக் காட்டினான், அடியில ரப்பர் வெடிச்சிருந்துச்சு. வலது டை ராட் என்ட் ஆடுது, திங்கள்கிழமை சாமான் வரும், மாத்திட்டு அலைன்மெண்ட். அதுவரைக்கும் லோடு ஏத்தலை. முன்னால இருந்த பழைய டயர்ல கொஞ்சம் பல்லு மிச்சம் இருந்த ஒண்ணை ஸ்பேரா போட்டுக்கவான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க, தேதி அதே 2018தான். அதனால ஸ்பேருக்கும் ஒரு புது டயர். அஞ்சாவது டயருக்கு விலை கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தாங்க.

ரெண்டு சந்தேகம். நைட்ரஜன் அடிக்கட்டுமான்னு கேட்டாங்க, வேணாம்னு சொல்லிட்டேன், சரிதானே? விசேஷ வீட்டுல ஆணி, கம்பித் துண்டு நிறைய, அடிக்கடி பஞ்சர் ஆகும். வெளியிலருந்து கயிறு திணிக்கிறது நல்லதா?


டயர்கடை_பிஎம்
சனி, இரவு 10:30

நல்ல வேலை அண்ணே. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். உங்களை மாதிரி தினமும் காத்து ஏத்தி இறக்குற வண்டிக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

பஞ்சருக்குக் கயிறு திணிச்சு கடை வரைக்கும் வரலாம், அதோட விட்டுடக் கூடாது. டயரைக் கழட்டி உள்பக்கம் பார்க்கணும். காத்து இல்லாம கொஞ்ச தூரம் ஓடியிருந்தா உள்ள பக்கச் சுவர் பொடிப் பொடியா உதிர்ந்திருக்கும், வெளியிலருந்து தெரியாது. ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள்ள, நடுப்பட்டையில இருந்தா உள்ளருந்து காளான் மாதிரிப் பட்டை வச்சு ஒட்டலாம். தோள்பட்டையிலயோ பக்கத்திலயோ இருந்தா ஒட்டவே கூடாது. யாராவது ஒட்டித் தர்றேன்னு சொன்னா அந்தக் கடையை விட்டு வெளிய வாங்க.

திங்கள் டை ராட் மாத்துற அன்னிக்கே நட்டையும் டார்க் ரெஞ்ச் வச்சு மறுபடி இறுக்கச் சொல்லுங்க. புதுசா மாட்டின சக்கரத்துக்கு முதல் 100 கி.மீ.க்குள்ள ஒரு தடவை பார்க்கணும். இம்பாக்ட் கன்னாலயே முடிச்சு அனுப்புறாங்கன்னா, போல்ட் நீண்டுடும், இல்ல டிஸ்க் கோணும். இதுக்கு எந்தக் கடையும் காசு கேட்காது.


புதுசு_கிளாங்
ஞாயிறு, காலை 9:00

நல்ல இழை, முழுசும் படிச்சேன். என்னுது டி-மேக்ஸ், 255/65 ஆர் 17. கடையில இந்த அளவுல தேர்வே இல்ல, 265/65 போடுங்கன்றாங்க. போடலாமா?


டயர்கடை_பிஎம்
ஞாயிறு, மதியம் 12:40

போடலாம் அண்ணே. உங்க டயர் உயரம் 763, அது 776. 1.7 சதவீதம்தான் கூட, மீட்டர்ல பெருசாத் தெரியாது. நிறையப் பேர் போடுறாங்க. ஆனா நாலும் அதே அளவா இருக்கணும், ஸ்பேரையும் சேர்த்து மாத்துங்க. மாட்டினதும் கடையிலேயே ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, பின்னால ரெண்டு பேரை ஏத்தி நிக்க வச்சு, எங்கயாவது உரசுதான்னு பார்த்துட்டு வாங்க. சுமை எண் பழைய டயர்ல இருந்ததைவிடக் குறையக் கூடாது, அதை மட்டும் வாங்குறதுக்கு முன்னாடி பார்த்துக்குங்க.